"எந்தக் கோவில்?": மிஷனரிமார் வேற்றுப் பண்பாட்டுக்குத் தம்மை இசைவித்துக்கொள்வது எப்படி

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓட்டோவில் ஏறி, "கோவிலடிக்குப் போகவேண்டும்" என்று மட்டும் சொன்னால், ஓட்டுபவர் திரும்பிப் பார்த்து, "எந்தக் கோவில்?" என்று கேட்பார். கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் கோவில்தான். அங்கிருந்து சற்று நடந்தால் கருங்கல்லில் எழுந்து நிற்கும் பொன்னம்பலவாணேசுவரருக்கும் கோவில்தான். சைவர் பூசைக்குப் போவது போலவே கத்தோலிக்கரும் பூசைக்குப் போகிறார்கள். தம் குருவானவரைச் "சுவாமி" என்று அழைக்கிறார்கள். மெதடிஸ்தரும் அங்கிலிக்கன் சபையாரும் "கோவில்" என்ற சொல்லைப் பெரும்பாலும் தவிர்த்து, "தேவாலயம்" என்றோ "சேர்ச்" என்றோ சொல்கிறார்கள். இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததன்று. சில நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த சிலர், உள்ளூரார் சிலரோடு உட்கார்ந்து, இந்தச் சொல்லை எடுக்கலாமா, விடவேண்டுமா என்று முடிவுசெய்ததன் தடயம் அது. அப்படி எடுப்பதும் விடுவதுமான வேலையையே பண்பாட்டுத் தகவமைப்பு என்கிறோம். கத்தோலிக்கர் இதைப் பண்பாட்டுமயமாதல் என்பார்கள்.

இதில் இரண்டு காரியங்கள் அடங்கியுள்ளன. புதிதாகப் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு. முதலாவது, ஊழியத்துக்கு வந்தவர் தம்மை மாற்றிக்கொள்வது: மொழி, உடை, உணவு, உட்காரும் முறை, பெரியவரை விளிக்கும் முறை, துக்க வீட்டில் நடந்துகொள்ளும் முறை ஆகியன எல்லாம் இதில் சேரும். இரண்டாவது, தாம் கொண்டுவந்த செய்தி கேட்பவரின் மனத்தில் என்ன பொருளாகப் போய் உட்காருகிறது என்பதைக் கவனித்து, அதற்கேற்ற சொல்லையும் வடிவத்தையும் தேடுவது. முதலாவதைப் பிடிவாதம் உள்ள எவரும் சில ஆண்டுகளில் கற்றுவிடலாம். இரண்டாவதை வந்தவர் தனியாகச் செய்யவே முடியாது. திருத்திச் சொல்ல உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும், அந்தத் திருத்தத்தைக் கேட்கும் மனம் வந்தவருக்கும் வேண்டும். என் கணிப்பில், மிஷன் வரலாற்றில் யார் நின்றார், யார் தோற்றார் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

இது கிறிஸ்தவத்துக்குப் பிற்காலத்தில் வந்த உத்தி அன்று. யூதரல்லாதவர் கிறிஸ்துவைப் பின்பற்ற விரும்பினால் அவர்கள் முதலில் விருத்தசேதனம் செய்து யூதராக வேண்டுமா என்ற கேள்வி முதலாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. வேண்டியதில்லை என்று எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் முடிவெடுத்ததை அப்போஸ்தலர் நடபடிகளின் 15ஆம் அதிகாரத்தில் காணலாம். யூதருக்கு யூதரைப் போலவும், பலவீனருக்குப் பலவீனரைப் போலவும் தாம் ஆனதாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். நம் நாட்டு மெதடிஸ்த இறையியலாளர் டி.டி. நைல்ஸ் சொன்னதாகப் பரவலாக வழங்கும் உவமை ஒன்று இதை இன்னும் எளிதாக்குகிறது: மேற்கிலிருந்து வந்தவர்கள் விதையை மட்டும் கொண்டுவரவில்லை, செடியைச் சாடியோடு கொண்டுவந்தார்கள், சாடியை உடைத்து நம் மண்ணில் நட்டால்தான் அது வேர்விடும். உவமை அழகானது. ஆனால் சாடி எங்கே முடிகிறது, செடி எங்கே தொடங்குகிறது என்பதை அது சொல்வதில்லை. சண்டை எல்லாம் அங்கேதான்.

மொழியிலிருந்து தொடங்குவோம். முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உதவியாளர்கள் மொழிபெயர்த்துக் கொடுத்த செபங்களை மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தில் "நான் விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் அந்த மொழிபெயர்ப்பு "வேணும்" என்ற சொல்லை வைத்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்று சொல்லவேண்டிய மக்கள், கடவுள் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544இல் தம் சக ஊழியருக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் இதைத் திருத்தச் சொன்னார். பக்தி குறையாத பிழைதான், ஆனாலும் பிழை. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்று, 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற நூலை அச்சிட்டார். அந்தத் தலைப்பிலேயே சைவர் வழங்கும் "தம்பிரான்" என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். ஐரோப்பாவில் படித்துக் குருப்பட்டம் பெற்ற போதகர் ஒருவர் அரிச்சுவடிப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவதற்கு மொழி ஆர்வம் மட்டும் போதாது, பணிவும் வேண்டும்.

சொல்லைக் கற்பது ஒன்று. சொல்லைத் தேர்வது வேறொன்று. "காட்" என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது? கத்தோலிக்கர் நெடுங்காலம் "சருவேசுரன்" என்றார்கள். வேதாகமத்தைத் தமிழாக்கிய லூத்தரன் மிஷனரி பப்ரிசியஸ் தம் மொழிபெயர்ப்பில் "பராபரன்" என்றார். பின்வந்த புரட்டஸ்தாந்து வேதாகமம் "தேவன்" என்றது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு "கடவுள்" என்கிறது. ஒவ்வொரு சொல்லும் முன்பே யாரோ குடியிருந்த வீடு. அதில் புதிதாகக் குடிபோகிறவருக்குப் பழைய வாசனையும் சேர்ந்தே கிடைக்கும். சிங்களத்தில் இது இன்னும் சிக்கலானது. பௌத்தரின் உலகநோக்கில் தேவர்களும் பிறப்பு இறப்புச் சுழலுக்குள் இருப்பவர்கள். புத்தருக்குக் கீழே நிற்பவர்கள். ஆகவே "தெவியன் வஹன்சே" என்று மிஷனரி மிக உயர்ந்த பொருளில் சொன்ன சொல்லை, கேட்டவர் கதிர்காமத் தெய்வத்தின் வரிசையில் கொண்டுபோய் வைத்தால் அது கேட்டவரின் குற்றமாகாது. அதேபோல, "மறுபடியும் பிறக்கவேண்டும்" என்று யோவான் சுவிசேஷத்தில் வரும் வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்பவருக்கு அது புதுவாழ்வின் நற்செய்தி. காரைக்கால் அம்மையார் இறைவனிடம் பிறவாமையை வேண்டியதைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த ஒருவருக்கோ, இன்னொரு பிறவி என்பது தப்பிக்க வேண்டிய தண்டனை. விளக்கம் சொல்லாமல் அந்த வாக்கை மட்டும் சுவரொட்டியில் அச்சிட்டு ஒட்டுவதால் என்ன பயன் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இலங்கையில் இந்த வேலையை மிக ஆழமாகச் செய்தவர்கள் ஐரோப்பியர் அல்லர் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டு, குருவானவர்கள் துரத்தப்பட்டிருந்த காலத்தில், கோவாவிலிருந்து புறப்பட்ட யோசப் வாஸ் அடிகளார், 1687இல் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கொங்கணி பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். வந்த புதிதில் நோயாலும் பசியாலும் வாடினார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தே மறைந்திருந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலையில் தங்கினார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். அங்கே சிங்களம் கற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நகரைவிட்டு ஓடக்கூடியவர்கள் எல்லாரும் ஓடியபோது, அவரும் அவருடைய மருமகனான இன்னொரு குருவும் நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். மறைந்து வாழ்வதற்காகப் பூண்ட கோலமே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது. 1711இல் கண்டியிலேயே இறந்த அவரை, 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். உயிரோடு இருந்தபோது அதே கொழும்புக்குள் அவர் மாறுவேடத்தில்தான் வரமுடிந்தது.

வாஸ் அடிகளார் தம்மை மாற்றிக்கொண்டவர் என்றால், 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் செய்திக்கு உருவம் தேடியவர். அவரும் கோவாக்காரர். தமிழும் சிங்களமும் கற்று, அகராதிகள் தொகுத்து, இரண்டு மொழிகளிலும் நூல்கள் எழுதினார். அவருடைய "வியாகுலப் பிரசங்கம்" கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் நூல். தவக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதை ஒப்பாரியின் சாயலில் நீட்டி இழுத்துப் பாடுவார்கள். உரோமையில் எழுதப்பட்ட துக்கப்பாடல்கள் எத்தனையோ இருந்தும் அவற்றை மொழிபெயர்த்து வைப்பதோடு அவர் நிற்கவில்லை. செத்தவீட்டில் நம் பெண்கள் அழும் அந்தக் குரலில்தான் இந்த மக்களுக்குத் துக்கம் துக்கமாகக் கேட்கும் என்று கண்டுகொண்டார். சிங்களக் கத்தோலிக்கரிடையே இன்றும் நிலைத்திருக்கும், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் "பசன்" பாடும் மரபும் அவருடைய நூலோடு தொடர்புடையதே. முன்னூறு ஆண்டு கழித்தும் ஒரு வடிவம் மக்கள் வாயில் நிற்கிறதென்றால், சாடி உடைந்து செடி வேர்விட்டது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

உடையைப் பற்றிச் சொல்லவேண்டியது குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. சீனாவுக்குப் போன மத்தேயோ ரிச்சி, அந்நாட்டுச் சமயவாதிகளைப் போல இருக்க எண்ணி, தலையை மழித்துப் பௌத்த பிக்குவின் அங்கியை அணிந்தார். தாம் யாரோடு பேச விரும்பினாரோ அந்தக் கல்விமான்களிடம் அந்த அங்கிக்குப் பெரிய மதிப்பில்லை என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. 1595இல் அறிஞரின் பட்டுடைக்கு மாறினார். உள்ளூர் உடையை அணிந்தால் போதும் என்பதில்லை, அந்த ஊரில் அந்த உடை யாருடையது என்பதும் தெரியவேண்டும்.

அங்கிருந்துதான் மிகக் கடினமான கேள்வி பிறக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த ரொபேர்த்தோ தே நொபிலி, தத்துவ போதகர் என்ற பெயரோடு காவி உடுத்து, புலால் நீக்கி, சந்நியாசியாக வாழ்ந்தார். தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். வேதம், குரு, பிரசாதம் போன்ற சொற்களைக் கிறிஸ்தவ வழக்குக்குள் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே, சமய அடையாளங்கள் அல்ல என்று வாதிட்டார். நீண்ட விசாரணைக்குப் பின் 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் சாய்ந்தார். இதுவரை கேட்டால் வெற்றிக் கதை. ஆனால் உயர்சாதியார் தம்மை ஏற்கவேண்டும் என்பதற்காக, அதற்கு முன்பே கிறிஸ்தவராகியிருந்த பரவர் சமூகத்தோடும் அவர்களுக்கு ஊழியம் செய்த தம் சபைக் குருவோடும் வெளிப்படையாக நெருங்கிப் பழகாமல் அவர் விலகி நின்றார். பின்னர் தாழ்த்தப்பட்ட மக்களிடம் போவதற்கென்று "பண்டார சுவாமிகள்" என்ற வேறொரு வகுப்புக் குருக்களே ஏற்படுத்தப்பட்டார்கள். ஆக, அந்தப் பண்பாட்டை மதித்தபோது அதன் ஏணியையும் சேர்த்தே மதிக்கவேண்டியதாயிற்று. நொபிலியின் கல்வியையும் துணிவையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் வழக்கத்துக்கு இசைந்து போகிறோம் என்று சொல்லும்போது, அச்சமூகத்தில் யாருடைய வழக்கத்துக்கு என்று கேட்காமல் விட்டால், மேலே இருப்பவரின் வழக்கமே பண்பாடு என்ற பெயரைப் பெற்றுவிடும். வடக்கில் தேவாலயங்களின் வாங்குகளிலும் சேமக்காலைகளிலும்கூடச் சாதி நெடுங்காலம் உட்கார்ந்திருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள்.

எதிர்த்திசையில் போனவர்கள் ஒல்லாந்தர். ஞானஸ்நானம் பெற்றுப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அரசாங்க உத்தியோகம், திருமணப் பதிவு, சொத்துரிமை என்ற நிலையை அவர்கள் ஏற்படுத்தியதால், பதிவேட்டில் கிறிஸ்தவர் தொகை பெருகியது. 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றி அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், அந்தப் பெயர்களிற் பெரும்பாலானவை பதிவேட்டோடு நின்றுவிட்டன. மக்கள் கோவில்களுக்கும் விகாரைகளுக்கும் திரும்பிப் போனார்கள். அந்த ஆட்சிக்குள்ளும் கொழும்பைச் சேர்ந்த உள்ளூர்ப் போதகர் பிலிப் தெ மெல்லோ போன்றோர் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் இந்த நகரிலேயே அச்சானது. ஆயினும் ஆணையால் வந்த சமயம் ஆணையோடு போயிற்று. அந்த நினைவு இந்நாட்டில் இன்னும் மங்கவில்லை. உதவிப் பொருளும் சமயப் பிரசுரமும் ஒரே கையில் வரும்போது அயலவர் முகம் சுளிப்பதும், 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்ததும் அந்த நினைவின் தொடர்ச்சியாகவே பார்க்கப்படவேண்டும். அயலவரின் அச்சத்தைப் புரிந்துகொள்வதும் வந்தவர் கற்கவேண்டிய பண்பாட்டில் ஒரு பாடம்.

இன்று கொழும்புக்கு வந்து இறங்கும் ஊழியர் ஒருவர் எதிர்கொள்ளும் அன்றாடச் சிக்கல்கள் இவ்வளவு பெரியவை அல்ல. மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், மிஷனரிகளும் படித்துவந்த ஒரு சஞ்சிகையில் 1960இல் எழுதிய கட்டுரையில், "பண்பாட்டு அதிர்ச்சி" எப்படிப் படிப்படியாக வருகிறது என்று விளக்கினார்: முதலில் எல்லாம் அழகாகத் தெரியும், பிறகு எல்லாமே எரிச்சலூட்டும், பிறகு மெல்ல மெல்ல வழி பிடிபடும், கடைசியில் அந்த ஊர் வழக்கமே தம் வழக்கமாகிவிடும். எரிச்சல் வரும் கட்டத்தில்தான் பலர் பெட்டி கட்டுகிறார்கள். அந்த எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் சின்ன விடயங்கள்தாம். கூட்டத்துக்கு வருவீர்களா என்று கேட்டால் நம்மவர் "பார்ப்போம்" என்பார்கள். அது மறுப்பை நோகாமல் சொல்லும் முறை என்பது தெரியாதவர், நாற்காலி போட்டுக் காத்திருந்துவிட்டு, இந்த மக்கள் சொன்ன சொல் தவறுகிறவர்கள் என்று எழுதிவிடுவார். வீட்டுக்கு வந்தவர் பிளேன்டீயை வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு மனம் சுருங்கும். பௌர்ணமிப் போயா தினத்தில் பக்கத்து விகாரையில் பணை என்னும் பௌத்த உபதேசம் நடக்கும்போது ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் பாடுவது சட்டப்படி சரியா பிழையா என்பதைவிட, அயல் வீட்டார் அதை எப்படிக் கேட்பார்கள் என்பதே முக்கியம்.

கடல் கடந்தால்தான் வேற்றுப் பண்பாடு என்று நினைப்பதும் தவறு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் இறையியல் படித்து, மலையகத்துத் தோட்டம் ஒன்றுக்கு அனுப்பப்படும் இளம் போதகர், தமிழ்தானே பேசப்போகிறேன் என்று நம்பித்தான் போவார். அங்கே போனபின், பிரட்டு (காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது) என்றால் என்ன, கொழுந்து நிறுக்கும் நேரம் எது, சம்பள நாளுக்கு முந்தைய வாரம் ஒரு குடும்பம் எப்படி இருக்கும் என்பவை தெரியாமல், எந்த நேரத்தில் செபக்கூட்டம் வைப்பது என்றுகூடத் தீர்மானிக்க முடியாது. அவருடைய பேச்சில் உள்ள யாழ்ப்பாண மிடுக்கும் கேட்பவரை ஓரடி பின்வாங்கச் செய்யும். 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தொடங்கப்பட்ட மிஷன் தன் பெயரையே "தமிழ்க் கூலி மிஷன்" என்று வைத்துக்கொண்டது. ஊழியம் செய்ய வந்தவர்கள் அந்த மக்களின் மொழியைக் கற்றார்கள். ஆனால் துரைமார் அவர்களை எந்தச் சொல்லால் அழைத்தார்களோ அதையே தாமும் எடுத்துக்கொண்டார்கள்.

மொழி விடயத்தில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி ஆங்கிலக் கல்வியால் புகழ்பெற்றது. ஆனால் அங்கு படித்தவர்கள் ஊருக்குள் சுவிசேஷம் சொல்லப் போவதைவிட அரசாங்க உத்தியோகத்துக்கே போகிறார்கள் என்று அமெரிக்காவிலிருந்து வந்த குழு கருதியதால், அது 1855இல் மூடப்பட்டது. இதற்கிடையில், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், அவர்களிடம் கண்ட பாடசாலை, அச்சுக்கூடம், பிரசங்கம் ஆகிய மூன்றையும் சைவத்துக்கு எடுத்துக்கொண்டார். மிஷனரிகள் நம்மிடமிருந்து வடிவங்களை எடுத்தார்கள் என்றால், அவர்களுடைய வடிவங்களை எடுத்து அவர்களுக்கே மறுமொழி சொல்லவும் நம்மவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மாணவர்களுக்கு மேற்கத்திய மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். படித்து முடித்தவர்கள் கிராமத்துக்குத் திரும்பவேண்டும் என்றால் கிராமத்தின் மொழியிலேயே படிக்கவேண்டும் என்று உணர்ந்து, பின்னர் தமிழுக்கு மாறினார். அதற்காகத் தமிழறிந்த தம் மாணவர்களோடு சேர்ந்து, உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் எனப் பெரிய மருத்துவ நூல்களையே தமிழாக்கினார். "மனுஷ அங்காதிபாதம்", "இரண வைத்தியம்", "கெமிஸ்தம்" என்ற அந்தத் தலைப்புகளைப் பார்த்தாலே, ஒவ்வொரு உறுப்புக்கும் நரம்புக்கும் பெயர் தேடி எத்தனை இரவு உட்கார்ந்திருப்பார்கள் என்பது புரியும். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். 1873இல் உடல் தளர்ந்து மாசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டருக்குத் திரும்பிய பின்னும், பனி விழும் அந்த ஊரில் இருந்துகொண்டு தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884இல் அங்கேயே இறந்தார். தாம் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்கும்படி அவர் கேட்டிருந்தார், அப்படியே பொறித்திருக்கிறார்கள்.